வருமுன் காத்த ஒரு முதல் மந்திரி

மூன்று மீன்களின் கதையை நாமெல்லாரும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். நாளை இக்குளத்தில் வலை வீசுவோமென்று செம்படவர் பேசிக்கொண்டதைக் கேட்டவுடனே, வருமுன் காப்போன் என்னும் மீன் கால்வாய் வழியே வேறொரு குளம் புகுந்தது. வரும்போது காப்போன் செத்ததுபோற் கிடந்து உயிர் தப்பியது. வந்தபின் காப்போன் வலையிற்பட்டு மாண்டது. ஆயின், அக்கதை சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு. மறுநாள் செம்படவர் வாராதிருந்தால், போய்விட்ட முதல் மீனைப்பற்றி அக்குளத்து மீன்கள் யாது பேசியிருக்கும்? இல்லாத அச்சத்துக்கு ஓடிய பேதையென்றே இகழ்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. வருமுன் காப்போனுக்குள்ள துன்பம் இதுவே. கேடு வரும்வரையில் அவன் அறிவுடைமைக்குச் சாட்சி கிடையாது.

அன்றியும், கதையிலுள்ள மீன் தான் மட்டும் புறப்பட்டுப்போனது. அரசியலில் அது செல்லாது. ஒரு நாட்டை வருமுன் காக்கப் புகுந்தவன், வாராத கேட்டுக்காக எல்லாரிடமும் வரி கேட்கவேண்டும். எல்லாரையும் தன்னோடு அழைத்துச் செல்லவேண்டும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அவர்களிடமே வோட்டும் கேட்கவேண்டும். இது கைகூடுமோவென்று வினவுவார்க்கு விடையாகும் ஒருவர் சரித்திரத்தை ஈண்டு ஆராயப் புகுந்தோம். அவர் பேரரசுகளை ஆண்டவரல்லர். கானடா தேசத்தின் நடுவிலுள்ள மானிட்டோபா என்னும் மாகாணத்தில் 1958-ம் ஆண்டு முதல் 1967-ம் ஆண்டு வரை முதல் மந்திரியாயிருந்தவர். சார்ல்ஸ் டஃபரின் ராப்ளின் என்பது அவர் முழுப்பெயர். டஃப் ராப்ளின் என்றே எல்லாரும் அழைத்தனர். கன்சர்வேட்டிவ் கட்சியைச் சார்ந்தவர். அச்சொல்லுக்குக் காப்பவர், உள்ளதைப் பேணுபவர் என்பது பொருள். உள்ளதைக் காப்பதென்பது கைம்முதலைச் செலவழியாமல் வைத்திருப்பதா, அன்றி உரிய காலத்திற் செலவழிப்பதா என்னும் கேள்வியே இவர் வாழ்க்கையின் உட்பொருளென்று நமக்குத் தோன்றுகிறது.

நாடும் நதியும்

மானிட்டோபாவின் தலைநகர் வின்னிபெக். ரெட் என்னும் ஆறும் அசினிபோயின் என்னும் ஆறும் கூடுமிடத்தில் அந்நகர் அமைந்துள்ளது. ரெட் ஆறு தெற்கே அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பிறந்து, வடக்கு நோக்கி ஓடி, வின்னிபெக் ஏரியில் விழுகின்றது. இவ்வாறு வடதிசை நோக்கி ஓடுவதே அதனால் விளையும் கேட்டுக்கு முதற்காரணம். வேனில் பிறக்கும்போது தெற்கேயுள்ள பனி முன்னதாக உருகி நீராய்ப் பெருகிவரும். வடக்கேயோ ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வந்த நீர் மேற்செல்ல வழியின்றி இருகரையும் புரளும். அந்நிலமோ பனியூழிக் காலத்தில் அகாசிஸ் என்று அறிஞர் பெயரிட்டழைக்கும் பேரேரி கிடந்த தரை, தட்டுப்போலச் சமமானது. ஆகையினால் கரை கடந்த வெள்ளம் பல மைல் அகலத்துக்குப் பரந்து நிற்கும்.

1826-ம் ஆண்டில் வந்த பெருவெள்ளம் அங்கே குடியேறியிருந்த சிறு கூட்டத்தாரின் வீடுகளையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. 1852-லும் 1861-லும் அவ்வாறே ஆறு பெருகியது. பின்னர் நெடுங்காலம் அத்தகைய பெருவெள்ளம் வாராமையால் மக்கள் அதனை மறந்தனர். மறதி நீண்ட அளவுக்கு நகரமும் வளர்ந்தது.

பாட்டனாரும் பேரரும்

டஃப் ராப்ளின் 1917-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ம் தேதி வின்னிபெக் நகரிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஸர் ராட்மண்ட் ராப்ளின் என்பவரும் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராய், 1900 முதல் 1915 வரை அம்மாகாணத்தின் முதல் மந்திரியாயிருந்தவர். புதிய சட்டசபை மாளிகை கட்டுவதற்கான ஒப்பந்தத்தில் பெரும்பணம் முறைகேடாகச் செலவாயிற்றென்னும் குற்றச்சாட்டு எழவே, அவர் பதவி துறக்க நேர்ந்தது. வழக்குத் தொடரப்பட்டதெனினும் அவர் தண்டனை அடையவில்லை. ஆயினும் குடிப்பெயருக்கு மாசு படிந்தது படிந்ததே. பாட்டனாரை வீழ்த்திய அந்த மாளிகையிலேயே பேரர் பின்னாளில் அங்கத்தினராய் அமர்ந்தார். பொதுப்பணத்தைக் கையாளும் ஒவ்வொரு முறையும் அம்மாளிகையின் சுவர்கள் அவருக்கு ஓர் எச்சரிக்கையாய் நின்றிருக்கவேண்டுமென்று நாம் ஊகித்தல் பிழையாகாது.

மானிட்டோபா சர்வகலாசாலையிலும் சிக்காகோ சர்வகலாசாலையிலும் கற்ற அவர், இரண்டாம் உலக யுத்தத்தில் கானடா விமானப்படையிற் சேர்ந்து விங் கமாண்டர் பதவி வரையில் உயர்ந்தார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது மாகாணத்தில் விநோதமான ஒரு நிலைமையைக் கண்டார். 1940 முதலாக லிபரல்-புரோக்ரெசிவ் கட்சியாரும் கன்சர்வேட்டிவ் கட்சியாரும் ஒன்றுகூடி ஆண்டுவந்தனர். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே பந்தியில் அமர்ந்துண்டால் பரிமாறுவோரைக் குறைகூறுவார் யார்? இக்கூட்டாட்சி கூடாதென்னும் ஒரே கொள்கையைக் கைக்கொண்டு, சொந்தக் கட்சித் தலைவர்களையே எதிர்த்து, சுயேச்சைக் கன்சர்வேட்டிவ் அபேட்சகராக 1949-ல் தேர்தலில் நின்று வென்றார். அடுத்த ஆண்டே கூட்டாட்சி கலைந்தது. 1954-ல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு, நெடுநாள் தலைவராயிருந்த எர்ரிக் வில்லிஸ் என்பவரைத் தோற்கடித்தார். தோற்றவரைப் பகைவராக நடத்தாமல், தாம் ஆட்சிக்கு வந்தபோது அவரை மந்திரிசபையில் உயர்ந்த இடத்தில் அமர்த்திக்கொண்டமை அவருடைய பெருந்தன்மைக்கு ஒரு சான்று.

1950-ம் ஆண்டு வெள்ளம்

ராப்ளின் சட்டசபையுள் நுழைந்த மறு ஆண்டில் ரெட் ஆறு மறக்கப்பட்ட தன் வலிமையைக் காட்டிற்று. 1950-ம் ஆண்டு மே மாதத்தில் கரைகள் பல இடங்களில் உடைந்து வின்னிபெக் நகருள் வெள்ளம் புகுந்தது. பாலங்கள் பயனற்றுப்போயின, ஏறத்தாழ பதினாயிரம் வீடுகளில் நீர் ஏறிற்று. சுமார் ஒரு லட்சம் பேர் நகரைவிட்டு வெளியேறினர். இரயில் வண்டிகளிலும் மோட்டார்களிலும் தாய்மாரும் குழந்தைகளும் அயலூர்களுக்குப் போய்ச் சேர, ஆடவர் இரவும் பகலும் மணல்மூட்டை அடுக்கினர். இளைஞரான ராப்ளின் இவையனைத்தையும் கண்ணாரக் கண்டார்.

வெள்ளம் வடிந்தபின் நடந்தது எந்த நாட்டிலும் நடப்பதே. நகருள் கரைகள் உயர்த்தப்பட்டன. நிவாரண நிதி திரட்டப்பட்டது. தேசீய சர்க்காரின் இஞ்சினீயர்கள் மூன்றாண்டுக் காலம் அளந்தும் கணக்கிட்டும் 1953-ல் ஓர் அறிக்கை கொடுத்தனர். நகரைச் சுற்றி ஒரு பெருங்கால்வாய் வெட்டவேண்டுமென்பது அவ்வறிக்கையில் கண்ட வழிகளுள் முதன்மையானது. அக்காலத்து முதல் மந்திரியான டக்ளஸ் காம்பெல் சிக்கனத்திற் பெயர்பெற்றவர். கிராமங்கள்தோறும் மின்சாரம் பரப்பிய பெருமையும் அவருக்குரியது. கையிலுள்ள பணத்துக்குள் காரியத்தை முடிப்பதே அவர் நெறி. ஆகவே, அத்துணைப் பெருஞ்செலவு தகுமோவென்று ஆராய 1956-ல் ஒரு ராயல் கமிஷனை நியமித்தார். அக்கமிஷனின் அறிக்கை 1958-ம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அப்போது காம்பெல் முதல் மந்திரி பதவியில் இல்லை, ராப்ளின் இருந்தார்.

பதவியும் பணிகளும்

1958-ம் ஆண்டு ஜூன் மாதத் தேர்தலில் 57 ஸ்தானங்களுள் ராப்ளினுடைய கட்சி பெற்றவை 26. பெரும்பான்மை இல்லாவிடினும் பெருந்தொகுதி அதுவே ஆதலின் அவர் மந்திரிசபை அமைத்தார். மறு ஆண்டுத் தேர்தலில் 36 ஸ்தானம் பெற்று உறுதியாக நிலைபெற்றார்.

இங்கே ஒரு விசேஷத்தைக் குறிக்கவேண்டும். லிபரல் என்னும் பெயருடைய கட்சியார் கஜானாவை இறுகப் பூட்டி வைத்திருக்க, கன்சர்வேட்டிவ் என்னும் பெயருடையவர் அதனைத் திறந்தார். அக்கட்சியின் முழுப்பெயர் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி என்பது. மானிட்டோபாவின் முன்னாள் முதல் மந்திரியான ஜான் பிராக்கன் 1942-ல் தேசீயக் கட்சித் தலைமையை ஏற்றபோது, அவர் விருப்பப்படியே அப்பெயர் சூட்டப்பெற்றது. முரண்பட்ட இரு சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயரென்று நகைத்தாரும் உளர். ராப்ளினோ அவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டார். குடும்பம், ஊர், கல்வி, தொழில் ஆகியவை நிலைபெறவேண்டுமானால் அவற்றைத் தாங்கும் தூண்களைக் காலந்தோறும் புதுப்பிக்கவேண்டும் என்பது அவர் செயல்களிலிருந்து நாம் அறியும் கொள்கை.

நாட்டுப்புறங்களிற் சிதறிக் கிடந்த சிறு பள்ளி வட்டங்களை ஒன்றுசேர்த்துப் பெரிய கல்வி வட்டங்களாக்கி, கிராமப் பிள்ளைகளும் உயர்தரக் கல்வி பெற வழிசெய்தார். சாலைகள் அமைத்தார். பயிர்க்காப்பீட்டு முறையைக் கொணர்ந்தார். வறியோருக்கான உதவிச் சட்டம் 1959-ல் இயற்றினார். வின்னிபெக்கும் அதனைச் சூழ்ந்த சிறுநகரங்களும் பொதுக்காரியங்களில் ஒருங்கே இயங்கும்படி 1960-ல் பெருநகர ஆட்சியை ஏற்படுத்தினார். 1916-ல் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த பிரெஞ்சு மொழிக்கு, நாளின் பாதிவரையில் அம்மொழியிற் கற்பிக்கலாமென்று 1967-ல் சட்டமியற்றி மீண்டும் இடங்கொடுத்தார்.

நம்மனோர்க்கு விருப்பந்தரும் செய்தி மற்றொன்று. பிரஸ்பிடேரியன், மெதடிஸ்டு சபையார் நிறுவிய இரு கல்லூரிகள் 1938-ல் இணைந்து ஐக்கியக் கல்லூரியாயின. அது 1967-ல் வின்னிபெக் சர்வகலாசாலை ஆயிற்று. பாப்டிஸ்டு சபையார் 1899-ல் தொடங்கிய பிராண்டன் கல்லூரியும் அவ்வாண்டிலேயே தனிச் சர்வகலாசாலை ஆயிற்று. இவையிரண்டும் ராப்ளினுடைய ஆட்சியின் இறுதியாண்டில் நிகழ்ந்தவை.

ஏளனத்துக்குள்ளான கால்வாய்

இவையெல்லாம் கண்ணாற் காணத்தக்க நன்மைகள். பள்ளி திறந்தால் பிள்ளைகள் வருவர், சாலை போட்டால் வண்டி ஓடும். ஆனால் வெள்ளக் கால்வாய் அத்தகையதன்று. அதன் நன்மை வெள்ளம் வந்தாலன்றி விளங்காது.

ராயல் கமிஷன் கூறிய வழிகள் மூன்று. ரெட் ஆற்று வெள்ளத்தை நகருக்குக் கிழக்கே சுற்றிக்கொண்டு போகும் பெருங்கால்வாய் ஒன்று. அசினிபோயின் ஆற்றின் மிகுநீரைப் போர்ட்டேஜ் என்னுமிடத்திலிருந்து மானிட்டோபா ஏரிக்குத் திருப்பும் கால்வாய் மற்றொன்று. ஷெல்மவுத் என்னுமிடத்தில் ஓர் அணை மூன்றாவது. செலவினும் பயனே மிகுதியென்று கமிஷன் கணக்கிட்டுக் காட்டிற்று. ராப்ளின் மூன்றையும் ஏற்றார். முதற்கால்வாய்க்கு மட்டும் ஆன செலவு 6 கோடியே 30 லட்சம் டாலர். 1961-ம் ஆண்டுக் கணக்குப்படி அம்மாகாணத்து மக்கள் தொகை ஒன்பது லட்சத்துச் சொச்சம். குழந்தை முதல் கிழவர் வரையில் ஆளுக்கு அறுபத்தெட்டு டாலர் வீதம் ஆகிறது. இதிற் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தேசீய சர்க்கார் ஏற்கும்படி ராப்ளின் வாதாடிப் பெற்றார். எனினும் எஞ்சியது எளிய தொகையன்று.

எதிர்ப்பு எப்பக்கத்திலிருந்தும் எழுந்தது. வெள்ளம் காணாத மேட்டு நிலத்து விவசாயி, நகரத்தானைக் காக்க நான் ஏன் வரி கொடுக்கவேண்டுமென்று கேட்டான். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு இத்துணைப் பணமோ என்றார் சிலர். எகிப்து தேசத்துப் பிரமிடுகளைப்போலப் பயனற்ற வேலை என்றார் வேறு சிலர். டஃப் வெட்டும் பள்ளம் என்னும் பொருளில் அதற்கு ஏளனப் பெயரும் சூட்டப்பட்டது. ராப்ளின் இவற்றுக்குச் சினங்கொள்ளவில்லை, பணியை நிறுத்தவுமில்லை. 1962-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மண்வெட்டு தொடங்கி, 1968-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முடிந்தது. நீளம் 29 மைல். அகழ்ந்தெடுத்த மண் பத்துக் கோடி கன கஜம். சூயஸ் கால்வாய்க்கு முதன்முதல் வெட்டிய மண்ணினும் இது மிகுதியென்பர்.

இது செயற்படும் முறையை நம் நாட்டு ஏரிகளைக்கொண்டு எளிதில் விளக்கலாம். ஏரி நிரம்பியபின் வரும் மிகுநீர் கரையை உடைக்காமல் கலிங்கின் வழியே புறம்போகுமன்றோ? அவ்வாறே நகருக்குத் தெற்கே ஆற்றின் அடியில் இரண்டு பெரிய எஃகுக் கதவுகள் நீருள் மூழ்கிக் கிடக்கின்றன. வெள்ளக்காலத்தில் அவற்றை எழுப்புவர். அவை ஆற்றை முற்றும் அடைப்பதில்லை. வரும் நீரைச் சற்றே தடுத்து மட்டத்தை உயர்த்துகின்றன. உயர்ந்த நீர் பக்கத்திலுள்ள கால்வாயின் வாயிலில் ஏறி, நகரைச் சுற்றியோடி, வடக்கே லாக்போர்ட் என்னும் ஊரருகே மீண்டும் ஆற்றிற் கலக்கிறது. நகரின் நடுவே பழைய ஆறு அடங்கிய அளவில் ஓடும். இவ்வளவே அதன் நுட்பம்.

மறுபக்கம்

புகழ் ஒன்றையே எழுதுவது சரித்திரமாகாது. ஆகையினால் மறுபக்கத்தையும் கூறுவாம். ராப்ளினுடைய ஆட்சியிலேயே மாகாணத்தின் வடபகுதியில் சஸ்காச்சுவன் ஆற்றின்மீது கிராண்டு ராப்பிட்ஸ் என்னுமிடத்தில் மின்சார உற்பத்திக்காகப் பேரணை கட்டப்பட்டது. அதனால் சீடார் ஏரியின் நீர்மட்டம் உயர்ந்தது. அவ்வேரிக் கரையிற் செமவாவின் என்னுமூரில் தொன்றுதொட்டு வாழ்ந்த கிரீ இனத்தார் 1964-ல் தம் ஊரை விட்டு, ஈஸ்டர்வில் என்னும் புதிய இடத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். பழைய ஊரைச் சூழ்ந்திருந்த வேட்டைக்காடும் விளைநிலமும் நீருள் மறைந்தன. புதிய ஊரோ கற்றரை. அவர்களுடைய வாழ்க்கை பழைய நிலைக்குக் குறையாதென்று சர்க்கார் கொடுத்த உறுதிமொழிகள் நிறைவேறவில்லை. கால் நூற்றாண்டு போராடிய பின்னரே ஈட்டுத்தொகைக்கு உடன்பாடு ஏற்பட்டது.

ஒரே மனிதர், ஒரே காலத்தில், ஒரு நகரை வெள்ளத்திலிருந்து காக்கக் கால்வாய் வெட்டினார். மற்றோர் ஊரை வெள்ளத்துள் ஆழ்த்த அணை கட்டினார். நகரத்தார் பலர், அவர்களுக்கு வோட்டும் பத்திரிகைகளும் இருந்தன. கிரீ மக்கள் சிலர். மாகாணத் தேர்தலில் வோட்டுரிமையே அவர்களுக்கு 1950-களில்தான் கிடைத்தது. காப்பவன் யாரைக் காக்கிறான், யார் செலவிற் காக்கிறான் என்னும் கேள்வியைக் கேளாமல் நாம் ஒருவரையும் வருமுன் காப்போன் என்று போற்றலாகாது. இக்குறை ராப்ளின் ஒருவருக்கே உரியதன்று; அக்காலத்தில் அணை கட்டிய நாடுகள் பலவற்றுக்கும் உரியது. பலருக்கும் உரியதாதலால் குறை குறையாகாமற் போவதில்லை.

தோல்விகள்

பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் கால்வாய்க்கும் பணம் வேண்டுமாதலின், விற்பனையாகும் பொருள்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் வரி 1967-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் விதிக்கப்பட்டது. அவ்வரி அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவ்வாண்டுச் செப்டம்பரில் தேசீயக் கட்சியின் தலைமைக்கு டொரான்டோ நகரில் போட்டி நடந்தது. காலந்தாழ்த்திக் களத்தில் இறங்கிய ராப்ளின் இறுதிவரை நின்றார். ஐந்தாம் சுற்றில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து முதல் மந்திரியான ராபர்ட் ஸ்டான்பீல்டு 1,150 வோட்டும், ராப்ளின் 969 வோட்டும் பெற்றனர். அந்த நவம்பரில் அவர் முதல் மந்திரி பதவியினின்றும் விலகினார்.

1968-ம் ஆண்டு மார்ச்சில் கால்வாய் முடிந்ததென்றோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. ராப்ளின் வின்னிபெக் நகரத் தொகுதி ஒன்றில் நின்றார், தோற்றார். பியர் ட்ரூடோவின் புகழ் தேசமெங்கும் வீசிய காலம் அது. அதனோடு வரியின் கசப்பும் சேர்ந்தது. எந்த நகரைக் காக்கப் பத்தாண்டு உழைத்தாரோ, அந்த நகரமே, அப்பணி முடிந்த மூன்றாம் மாதத்தில் அவரை வேண்டாமென்றது. கால்வாயில் அதுகாறும் ஒரு வெள்ளமும் ஓடியதில்லை. மக்கள் கண்டது வரியை, காணாதது பயனை. இதில் அவர்களை மிகவும் குறைகூறுதல் தகாது. காணாததற்கு நன்றி பாராட்டுதல் மனித இயல்பிலே அரிது.

பின்னர்ச் சிலகாலம் வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1974-ல் ஆன்டேரியோ மாகாணத்துப் பீட்டர்பரோவில் பார்லிமெண்டுக்கு நின்று மீண்டும் தோற்றார். 1978-ல் மாற்றுக்கட்சியைச் சார்ந்த பிரதம மந்திரியான ட்ரூடோவே அவரைச் செனெட் சபைக்கு அங்கத்தினராக்கினார். 1984 முதல் 1986 வரை பிரையன் மல்ரோனியின் ஆட்சியில் அச்சபையின் அரசாங்கக் கட்சித் தலைவராயிருந்தார். 1992-ல் வயதுவரம்பு எய்தி ஓய்வுபெற்றார்.

சாட்சி கூறிய வெள்ளம்

1969-ல் கால்வாய் முதன்முறை பயன்பட்டது. அதன்பின் பல ஆண்டுகளில் எஃகுக் கதவுகள் எழுப்பப்பட்டன. வெள்ளம் வந்ததும் போனதும் நகரத்தாரிற் பலருக்குத் தெரியாமலே கழிந்தது. 1997-ம் ஆண்டு வேனிலில் நூற்றாண்டின் வெள்ளமென்று பெயர்பெற்ற பெருவெள்ளம் வந்தது. அது 1950-ம் ஆண்டு வெள்ளத்தினும் மிகப்பெரிது. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அமெரிக்க நகரமான கிராண்டு போர்க்ஸ் மூழ்கிற்று. அங்கும் அடுத்த நகரிலுமாக ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் வெளியேறினர். வெள்ளத்தின் நடுவே நகர மத்தியில் தீயும் பற்றியெரிந்தது. மானிட்டோபாவின் தென்புலத்தில் சுமார் இருபத்தெண்ணாயிரம் பேர் வீடு துறந்தனர்; எட்டாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர் உதவிக்கு வந்தனர். நகரின் தென்மேற்கே வெள்ளம் சுற்றிவளைத்து நுழையாதபடி மிக நீண்ட மண்கரை ஒன்று சில தினங்களில் எழுப்பப்பட்டது.

கால்வாயோ, திட்டமிட்ட அளவினும் மிகுந்த நீரைத் தாங்கி ஓடியது. வின்னிபெக் நகரம் பெரிதும் தப்பியது. எண்பதாம் வயதை நெருங்கிய ராப்ளின் அதைக் கண்ணுறும் பேறு பெற்றார். ஏளனமாய்ச் சொல்லிய பெயரை மக்கள் அன்போடு சொல்லத் தொடங்கினர்; சொல் மாறவில்லை, சொல்லும் வாய்கள் மாறின. ஆயினும் கதவுகளை எழுப்பியதால் அவற்றுக்குத் தெற்கேயுள்ள சிற்றூர்களில் நீர் இயல்பினும் உயர்ந்ததென்று அவ்வூரார் முறையிட்டனர். அம்முறையீட்டில் உண்மை இருந்தது. ஒருவர்க்குக் கலிங்காவது மற்றொருவர்க்குக் கரையுடைப்பாகலாம் என்பதை இங்கும் நினைவிற்கொள்ளவேண்டும்.

2005-ம் ஆண்டு முதல் அக்கால்வாய் சுமார் 66 கோடியே 50 லட்சம் டாலர் செலவில் விரிவாக்கப்பட்டது. எழுநூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்கும்படி அமைந்தது. அக்கால்வாயால் தவிர்க்கப்பட்ட நஷ்டம் 4,000 கோடி டாலருக்கு மேற்பட்டதென்று மாகாண சர்க்கார் கணக்கிட்டுள்ளது. ஒரு காலத்திற் பெருஞ்செலவென்று அஞ்சிய தொகையோடு இதை ஒப்பிட்டுக் காண்க. ராப்ளின் 2010-ம் ஆண்டு மே மாதம் 30-ம் தேதி தமது 92-ம் வயதில் வின்னிபெக்கிலேயே காலமானார்.

நாம் கற்கவேண்டுவது

மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் நாளைக்கு உத்தியோகஸ்தராகவும் இஞ்சினீயராகவும் ஆசிரியராகவும், ஒரு சிலர் சட்டசபை அங்கத்தினராகவும் ஆகக்கூடும். எல்லாரும் வோட்டர்களாவது நிச்சயம். ஒரு மந்திரியின் ஆட்சியை மதிப்பிடும்போது அவர் கட்டிய கட்டிடங்களை எண்ணுகிறோம். திறந்துவைத்த கல்வெட்டுக்களைப் படிக்கிறோம். அவரால் நேராமற்போன கேடுகளை எண்ணுவதற்கு நம்மிடம் ஏடு இல்லை. காய்ச்சல் வந்தபின் மருந்து கொடுத்தவரை வாழ்த்துகிறோம். காய்ச்சல் வாராதபடி சாக்கடையைச் சீர்செய்தவர் பெயரை விசாரிப்பதில்லை. ராப்ளினுடைய சரித்திரம் அந்த ஏட்டை நாம் தொடங்கவேண்டுமென்று கேட்கிறது.

அவ்வேட்டில் ஒரு பக்கம் செமவாவின் மக்களுக்கு உரியதாகட்டும். காத்தல் என்பது எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதன்று. பலரைக் காக்கச் சிலரைப் பெயர்க்கவேண்டி நேருமாயின், அச்சிலரிடம் முன்னதாகக் கேட்பதும், கொடுத்த சொல்லைக் காப்பதும் அக்காத்தலின் பகுதியே. கால்வாயைக் காலத்தோடு வெட்டியவர் சொல்லையும் காலத்தோடு காத்திருந்தால், அவர் புகழில் இந்த மறு இராது.

கோடைகாலத்தில் அக்கால்வாயைப் பார்ப்பவர்க்கு அது புல் மூடிய அகன்ற பள்ளமாகவே தோன்றும். எஃகுக் கதவுகள் ஆற்றின் அடியில் நீருள் கிடப்பதால் கண்ணுக்குத் தென்படா. அதன்மேலுள்ள பாலத்தின் வழியே மோட்டார்கள் விரைந்து செல்லும். பள்ளத்துக்கு மேற்கே சில மைல் தூரத்தில் ஒரு நகரத்தார் தத்தம் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பர். பள்ளத்தை நினைப்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம். அவர்கள் அவ்வாறு மறந்திருக்க முடிவதுதான், வருமுன் காத்தவர் தம் நாட்டுக்கு விட்டுச்சென்ற செல்வம்.